கிழமை இல்லாத காலண்டர்

என் தங்கை பாண்டிச்செல்வி விருதுநகரில் பி.ஏ. ஆங்கிலம் படித்தாள். முதல் வகுப்பில் தேறினாள். அதன் பிறகு இரண்டு வருடம் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பசை தடவினாள். பசை தடவ ஆங்கிலம் தேவையில்லைதான். ஆனால் அவள் ஒட்டிய நோட்டு ஒன்றுகூடப் பிரிந்து வந்ததாகப் புகார் கிடையாது. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. பைண்டிங் பொறுப்பாளர் அப்துல் குத்தூஸ் பாயைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

நானும் அதே அச்சகம்தான். பெயர் சுந்தரபாண்டி. எட்டாவது வரை படித்தவன். என் வேலை கிழமை பார்ப்பது. காலண்டர் அச்சுக்குப் போகும் முன் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம் சரியா, அமாவாசை எந்தத் தாளில் விழுகிறது, முகூர்த்த நாள் எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் பிளேட் போடமாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் என் மேசையைத் தாண்டிப் போன பிழை ஒன்றே ஒன்று. 1999 ஆகஸ்டில் ஒரு பிரதோஷம் ஒருநாள் தள்ளி விழுந்துவிட்டது. சாத்தூரிலிருந்து ஒருவர் போஸ்ட் கார்டு போட்டுத் திட்டியிருந்தார். அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் அம்மா சோலையம்மாள் எம். புதுப்பட்டியில் வெடிக்குத் தாள் சுற்றுகிறவள். செல்வி காலேஜுக்குப் போனபோது, "இங்கிலீசு படிச்சு யாருகூடடி பேசப்போறே?" என்று தெருவே அவளைக் கேட்டது. நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. படிக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

பதில் 2006-ஆம் வருடம் ஹாலந்திலிருந்து வந்தது.

அச்சகத்து மாடியில் ஏற்றுமதி மேசை என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கடிதமெல்லாம் அங்கேதான் வரும். அதில் இருந்தவர் சென்னையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். இரண்டு மாதம் நாற்காலி காலி. ஜூலை கடைசியில் ஒருநாள் முதலாளி லட்சுமிகாந்தம் கையில் ஒரு தாளோடு பைண்டிங்குக்கு வந்தார்.

"ஏ பாய், இங்கன இங்கிலீசு படிச்ச புள்ள ஒருத்தி பசை தடவுதாளாமே, யாரு அது?"

குத்தூஸ் பாய் செல்வியைக் காட்டினார். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி வாசித்தாள்.

"ஹாலந்துலருந்து வில்லெம்னு ஒருத்தரு, மொதலாளி. இருபதாயிரம் காலண்டர் அடிக்கணுமாம். மொத வேலை சரியா இருந்தா வருசா வருசம் தருவேங்காரு. மூணு தடவை எழுதியும் பதில் இல்லையாம். ஒங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமான்னு கேக்காரு."

"இப்படியா கேட்டிருக்கான், மொகத்துல அடிச்ச மாதிரி?"

"இப்படித்தான் கேட்டிருக்காரு."

"நீ கொஞ்சம் பாந்தமாச் சொல்லக்கூடாதாத்தா?"

"அவரு பாந்தமா எழுதலையே மொதலாளி."

குத்தூஸ் பாய் குனிந்து, ஏற்கெனவே ஒட்டி முடித்த நோட்டை மறுபடி ஒட்டத் தொடங்கினார்.

முதலாளி அன்றே அவளை மாடிக்கு அனுப்பினார். நிபந்தனை ஒன்றுதான். "இந்த ஹாலந்து ஆர்டர் ஒழுங்கா கப்பல் ஏறட்டும். ஏறுச்சுன்னா அந்த நாற்காலி ஒனக்கு. இல்லன்னா பசை வாளி அங்கனதான் இருக்கு." அம்மாவிடம் சொன்னபோது, "நாற்காலியில ஒக்காந்து என்ன செய்வா?" என்று கேட்டாள். எழுதுவாள், பேசுவாள் என்றேன். "அதுக்கா சம்பளம்?" என்று அம்மா நம்பாமல் பார்த்தாள். ஆனால் மறுநாள் வெடிக் கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் மகளுக்கு மாடியில் வேலை என்று அவளே சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள்.

முதலாளி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வெளிநாட்டுக்காரர்களோடு எப்படிப் பேச வேண்டும், பழக வேண்டும் என்று மதுரையில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி நடப்பதாகக் கேள்விப்பட்டு செல்வியை அனுப்பிவைத்தார். ஆகஸ்ட் 17, 18, 19. வியாழன், வெள்ளி, சனி. வில்லெம் 22-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நேரில் வருவதாக இருந்தது.

வில்லெமின் காலண்டர் அடங்கிய சி.டி. செல்வி மதுரைக்குக் கிளம்பும் முன்தினம், புதன்கிழமை மாலை கூரியரில் வந்தது. செல்வி அதை என்னிடம் கொடுத்து, "சி.டி.யில உள்ளபடியே அடிக்கணும்னு எழுதியிருக்காரு அண்ணே" என்றாள்.

"நாம எந்த வேலையை உள்ளபடி அடிக்காம விட்டுருக்கோம்?" என்றேன். அவள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தாளை விரித்தேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பறவைப் படம். படம் அருமை. படத்துக்குக் கீழே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதி. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு கோடு. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால் வராத நாள் எழுதிவைக்க வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன். கிழமை இல்லை. ஜனவரியில் இல்லை. பிப்ரவரியில் இல்லை. பன்னிரண்டு தாளையும் புரட்டினேன். எங்குமே இல்லை. வருடமும் இல்லை. போதாததற்கு பிப்ரவரியில் 29-ஆம் தேதி இருந்தது. 2007 லீப் வருடம் அல்ல.

அடிக்க வேண்டியது இருபதாயிரம் காலண்டர்.

மூன்று முறை சரிபார்த்துவிட்டு முதலாளியிடம் கொண்டுபோனேன். அவரும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய கம்பெனிக்காரன்லே. அவசரத்துல விட்டுட்டான் போல."

"செல்விகிட்டச் சொல்லிக் கேட்டுருவமா மொதலாளி?"

"என்னன்னு கேப்ப? கிழமைய மறந்துட்டீகன்னா? மனுசன் கூசிப் போயிரமாட்டானா? நாமளே போட்டுருவோம். வந்து பாக்கட்டும். சொல்லாமலே செஞ்சிருக்காகளேன்னு மனசு குளுந்துரும்."

இதை அலட்சியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தொழிலில் இதுதான் மரியாதை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர் சம்பந்தி பெயரில் இனிஷியலை விட்டிருப்பார். நாங்கள் கேட்பதில்லை, விசாரித்துப் போட்டுவிடுவோம். வெம்பக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கிழமையையே மாற்றி எழுதிக் கொடுத்திருந்தார். நான் சத்தமில்லாமல் திருத்தினேன். பத்திரிகையை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வரச்சொல்லி எனக்கும் ஒன்று வைத்தார். தப்பைத் தப்பு என்று சொல்லாமல் சரிசெய்வதற்குப் பெயர்தான் எங்கள் ஊரில் நல்ல பிரஸ்.

ஒன்றரை நாள் உட்கார்ந்தேன். 2007 ஜனவரி ஒன்று திங்கள். அங்கிருந்து பிடித்து டிசம்பர் முப்பத்தொன்று வரை கிழமை போட்டேன். பிப்ரவரி 29-ஐ எடுத்தேன். வெள்ளைக்காரர்களுக்கு ஞாயிறு முக்கியம் என்பதால் ஞாயிறையெல்லாம் சிவப்பாக்கினேன். அமாவாசை, பௌர்ணமி போடலாமா என்று முதலாளி கேட்டார். அவர்கள் ஊர் வழக்கம் தெரியாமல் நாமாகப் போடக்கூடாது என்று நான்தான் தடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை காலண்டர் மிஷினில் ஏறியது. எங்கள் அச்சகத்தில் எந்தப் புது வேலைக்கும் முதல் தாள் சாமிக்கு. ஜனவரித் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, முதலாளியே காரில் இருக்கன்குடிக்கு எடுத்துப்போய் மாரியம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுக் கொண்டுவந்தார். அதை மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் செல்வி வந்தாள். கையில் ஒரு சான்றிதழ், சுருள்கம்பி போட்ட ஒரு புத்தகம். நான் முதல் காரியமாக, "ஒங்க ஹாலந்துக்காரரு கிழமையே போடாம விட்டுட்டாரு. நாங்க போட்டாச்சு" என்றேன்.

"நல்லதாப் போச்சுண்ணே" என்றாள்.

மூன்று நாள் படித்துவிட்டு வந்தவள்தான் அப்படிச் சொன்னாள். குறை சொல்லவில்லை. சிவகாசிப் பக்கம் பிறந்த யாரிடம் சொன்னாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கிழமை இருப்பதையும் ஒரு குறை என்று யாராவது நினைக்க முடியுமா?

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தாள். கையைப் பிடித்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பேசும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். எத்தனை பிள்ளை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கக்கூடாது. முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும்.

"கண்ணைப் பாத்துப் பேசணுமா? நான் என் பொண்டாட்டிகிட்டயே பேசினதில்லையேம்மா" என்றார் குத்தூஸ் பாய்.

"அதான் அவங்க பேச்சே நிக்க மாட்டேங்குது பாய்."

"புள்ளைய எத்தனைன்னு கேக்காம வேற என்னதான் பேசுறது?"

"மழையப் பத்திப் பேசலாம்னு சொல்லிக்குடுத்தாங்க."

"ஆகஸ்டு மாசம், சிவகாசியில, மழையப் பத்தி" என்று பாய் தலையாட்டினார். "ரெண்டு நிமிசத்துல பேச்சு முடிஞ்சுரும். நல்ல படிப்புதான்."

செவ்வாய் பதினோரு மணிக்கு வில்லெம் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழைந்தார். முதலாளி பொன்னாடை போர்த்தினார். வில்லெம் எல்லோரிடமும் வந்து கை கொடுத்தார். பாய் படித்ததை முழுக்கக் காட்டினார். கையை விடவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. கடைசியில் செல்விதான் பிரித்துவிட்டாள்.

பிறகு மிஷின் ரூமுக்கு வந்தோம். முதலாளி, செல்வி, பாய், நான். வில்லெம் பேசியது அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு செல்வி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம் அடித்து அடுக்கியிருந்தோம். வில்லெம் ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பறவையைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. சின்னதாக ஏதோ சொன்னார்.

"என்னத்தா சொல்றாரு? மனசு குளுந்துருச்சா?" என்றார் முதலாளி.

"இது தப்புங்காரு."

"எது?"

"தாளு மொத்தமும்."

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. எங்கள் ஊரில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவருடைய அப்பா சொல்லியிருக்கலாம்.

"சங்கடப்படுவாருன்னுதான் கேக்காம நாங்களே போட்டோம்னு சொல்லு."

செல்வி சொன்னாள். வில்லெம் அவளைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னார்: "கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் சங்கடப்பட்டிருப்பேன். இப்போது ஆறு மாதத் தாளுக்குச் சங்கடப்படுகிறேன். கிழமையை யார் போட்டது?"

"மிசின் கோளாறுன்னு சொல்லிரு" என்றார் முதலாளி உடனே.

நாள் கணக்குப் போட்டு, ஞாயிறைச் சிவப்பாக்கும் மிஷின் எங்களிடம் இல்லை. செல்வி என்னைக் காட்டினாள். "எங்க அண்ணன். இந்த பிரஸ்ஸிலேயே கவனமான ஆள் அவர்தான்" என்று சொன்னாளாம். வில்லெம் வந்து கை கொடுத்தார். நான் அழுத்திப் பிடித்தேன்.

"அண்ணே, இதுல ஒரு கிழமையாவது தப்பா இருக்கான்னு கேக்காரு."

"ஒண்ணுகூட இல்லன்னு சொல்லு."

அவர் தலையாட்டினார். "அதுதான் பாவமாக இருக்கிறது" என்றார்.

பிறகு விளக்கினார். அவர்கள் ஊரில் இது வருடக் காலண்டர் இல்லையாம். சொந்தக்காரர், சிநேகிதர் பிறந்தநாளை எல்லாம் அந்தந்தத் தேதியில் எழுதி வைப்பார்களாம். ஒருமுறை வாங்கினால் இருபது, முப்பது வருடம் கிழிக்காமல் தொங்கும். அதனால் வருடமும் கிடையாது, கிழமையும் கிடையாது. பிப்ரவரித் தாளைத் தேடி எடுத்து, "என் அம்மா பிறந்தது 29-இல். அவரைக் காணோமே" என்றார்.

எனக்குத் தலை குனிந்தது. ஒருவர் அம்மாவையே எடுத்துவிட்டேன்.

"முப்பது வருசம் கெடக்குமா? அப்படி எங்கனதான் மாட்டுவாக?" என்று பாய் கேட்டார். செல்வி கேட்டாள். வில்லெம் உற்சாகமாக நாலு வாக்கியம் சொன்னார். செல்வியின் பார்வை எதிர்ச் சுவரில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்த தாளுக்குப் போய்த் திரும்பியது.

"வீட்டுக்குள்ள ஒரு சின்ன ரூமுலயாம்" என்றாள்.

முதலாளி கவனிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை. "ஆத்தா காலடிக்குப் போயிட்டு வந்த தாளுத்தா. இதப்போயித் தப்புங்கலாமா? தேதிக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டித் தாரோம்னு கேளு."

வில்லெமுக்கு ஸ்டிக்கர் வேண்டாம். புதிதாக அடிக்க வேண்டும். அந்த மஞ்சள் தாள் சாமிக்கு என்று செல்வி சொன்னதும், அது சாமியிடமே இருக்கட்டும், மற்றவை எனக்கு வேண்டாம் என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார். "செப்டம்பர் ஐந்துக்குள் பன்னிரண்டு மாதமும் முடியுமா, முடியாதா?"

செல்வி அதை அப்படியே தமிழில் சொன்னாள். முதலாளி மிஷின்களைப் பார்த்தார். காலண்டரைப் பாதியில் இறக்கிவிட்டு இரண்டிலும் பட்டாசுப் பெட்டி லேபிள் ஏற்றியிருந்தார்கள். தீபாவளி லோடு. அக்டோபர் 21 தீபாவளி. தாயில்பட்டிக் கம்பெனிகள் தினமும் லாரியை அனுப்பிக் காத்துக்கிடந்தன.

"செஞ்சிரலாம்" என்றார்.

இந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் முதலாளி பொய் சொல்கிறவர் அல்ல. திங்கட்கிழமை லேபிள் வேண்டும் என்று யாராவது கேட்டால் 'செஞ்சிரலாம்' என்பார். கேட்டவரும் திங்கட்கிழமை லாரியை அனுப்பமாட்டார். ஞாயிறன்று போன் போடுவார். முதலாளி, "மை காஞ்சுக்கிட்டு இருக்கு" என்பார். புதன்கிழமை சரக்குப் போகும். இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை. உங்கள் அவசரம் என் காதில் விழுந்தது, உங்கள் முகம் வாடுவதை நான் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் அது தெரியும். வில்லெம் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. அவர் 'ஆம்' என்று கேட்டால் டைரியில் எழுதுவார். எழுதினால் கப்பலைப் பிடிப்பார்.

செல்வி வாய் திறப்பதற்குள் நான் மனதுக்குள் பத்து வரை எண்ணியிருப்பேன். நாற்காலி அவள் கண்ணுக்கு முன்னால் நின்றதோ என்னவோ, எனக்கு நின்றது. முதலாளி சொன்னதை அப்படியே சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஐந்தாம் தேதி ஆர்டர் கைநழுவிப் போகும். அவள் வில்லெமின் கண்ணைப் பார்த்தாள்.

"நோ" என்றாள்.

அப்புறம் மளமளவென்று ஆங்கிலத்தில் பேசினாள். ஐந்தாம் தேதி முடியாது, தீபாவளி வேலை இருக்கிறது, பதினான்காம் தேதி கண்டிப்பாக முடியும் என்று சொன்னாளாம். வில்லெம் செல்போனை எடுத்து யாருடனோ நாலு நிமிஷம் பேசினார். டைரியில் 14 என்று எழுதி, அவளிடம் கை நீட்டினார். முதலாளியிடமும் நீட்டினார். முதலாளி கொடுத்தார். கை மட்டும்தான் கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

முதலாளிக்கு ஆங்கிலத்தில் பத்து, பதினைந்து வார்த்தை தெரியும். அதில் 'நோ' ஒன்று.

வில்லெமின் கார் மதுரைக்குத் திரும்பிய புழுதி அடங்குவதற்குள் முதலாளி செல்வியைக் கூப்பிட்டார்.

"நான் என்ன சொன்னேன்?"

"செஞ்சிரலாம்னீக."

"நீ என்ன சொன்னே?"

"நோன்னேன்."

"நான் செஞ்சிரலாங்கேன், நீ நோங்கிறே. இதுக்காத்தா ஒன்ன மதுரைக்கு அனுப்புனேன்?"

"மொதலாளி, அஞ்சாம் தேதிக்குள்ள முடியுமா?"

"அது எப்படி முடியும்? மிசினு பூரா லோடு கெடக்குல்ல?"

"அதத்தான் சொன்னேன்."

"அத நான்ல சொல்லணும்! இல்ல, நான் சொல்லாம இருக்கணும். நீ யாரு சொல்றதுக்கு? மிசின் கோளாறுன்னு சொல்லச் சொன்னா ஒங்கண்ணன நீட்டுறே. வந்தவன் முன்னால வீட்டு வெசயத்த எல்லாம் கொட்டுவியா? நாளைலருந்து கீழ போ."

கிழமையைப் போட்டது நான், முதலாளி எனக்குத்தான் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தப்புச் செய்தவன் நான்; தப்பைச் சொன்னவள் அவள்.

குத்தூஸ் பாய் வாசலில் நின்றார். "வா தாயீ. பசை காயாமத்தான் இருக்கு" என்றார்.

மாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னாலதான செல்வி" என்றேன்.

"நீங்க போட்டது ஒங்க வேலைண்ணே. நான் நல்லதாப் போச்சுன்னேன் பாருங்க, அதத்தான் நெனச்சுக்கிட்டு வாரேன்."

"அது சரி. அந்தச் சின்ன ரூமு எது? பூஜை ரூமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கக்கூசுண்ணே. அவுக ஊருல இந்தக் காலண்டர அங்கனதான் மாட்டுவாகளாம். தெனமும் எல்லாரும் கண்டிப்பா ஒக்காந்து பாக்குற எடமாம், பொறந்தநாள் மறக்கவே மறக்காதாம்."

இருக்கன்குடி ஆத்தாவை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முதலாளி மனதில் இருந்ததை அவள் உடைத்துச் சொன்னாள், நாற்காலி போனது. வில்லெம் உடைத்துச் சொன்னதை அவள் மூடிவைத்தாள், ஆர்டர் பிழைத்தது. மதுரையில் இதில் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றாள்.

செப்டம்பர் முதல் வாரம் லேபிள் வேலைக்கு நடுவே ஒரு மிஷினை ஒதுக்கினார்கள். மறுபடி முதல் தாளுக்குப் பூஜை. கிழமை இல்லாத ஜனவரி, நாலு மூலையிலும் மஞ்சள். சூடம் காட்டும்போது நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிப்ரவரியில் 29 இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலும் நான் பார்த்தேன். 13-ஆம் தேதி மாலை முடிந்தது. 14-ஆம் தேதி வியாழக்கிழமை சரக்கு தூத்துக்குடிக்குப் போனது. எங்கள் அச்சக வரலாற்றில் சொன்ன தேதியில் போன முதல் லோடு அதுதான். செல்வி பைண்டிங்கில் கிராமர் நோட்டுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

மாடி நாற்காலிக்கு முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். எம்.காம். படித்தவர், பாந்தமானவர். வில்லெம் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும், விரைவில் ஆவன செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் பதில் போட்டார். அந்த வாக்கியம் முதலாளிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வில்லெமுக்குப் பிடிக்கவில்லை. பத்து நாள் கழித்து முதலாளி ஒரு தாளோடு பைண்டிங்குக்கு வந்தார். செல்வியைப் பார்க்காமல் பாயிடம் நீட்டினார். பாய் அதைச் செல்வியிடம் நீட்டினார்.

"சரக்கு சொன்ன தேதியில கப்பல் ஏறிருச்சுன்னு தகவல் வந்துச்சாம். அடுத்த வருசம் நாப்பதாயிரம் வேணுமாம். விரைவில்னா என்ன தேதின்னு கேக்காரு. எழுதுறது யாருன்னு கேக்காரு. நோ சொன்ன பொண்ணு எங்கன்னு கேக்காரு."

"அப்படியேவா எழுதியிருக்கான்?" என்று முதலாளி பாயிடம் கேட்டார்.

"அப்படியேதான் எழுதியிருக்காராம்" என்றார் பாய், ஒரு எழுத்தும் வாசிக்காமல்.

முதலாளி தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் ஒரு தாள் வந்தது. அதற்கு மறுநாளும். செல்வி வாசிப்பாள். முதலாளி பாயிடம் பதில் சொல்வார். அவள் தாளின் பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதுவாள். மாடியில் எம்.காம். அதைத் தட்டச்சு செய்து அனுப்புவார். இப்படி இரண்டு வாரம். அந்தத் தாள்களின் ஓரத்தில் எல்லாம் பசை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, லோடுமேன்கள் இரண்டு பேர் மாடியிலிருந்து கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார்கள். அடுத்த நடையில் மேசை. அதற்கடுத்து நாற்காலி. பைண்டிங் பிரிவின் ஜன்னல் ஓரத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

"என்ன பாய் இது?" என்றேன்.

"மாடி ஒழுகுதாம். கம்ப்யூட்டருக்கு ஆகாதுன்னு மொதலாளி எறக்கச் சொன்னாரு."

அந்த மாதம் எங்கள் பக்கம் ஒரு தூறல்கூட விழவில்லை. எம்.காம். மாடியிலேயே வேறு மேசையில் இருந்தார். அவர் தலையில் ஒன்றும் ஒழுகியதாகத் தெரியவில்லை.

செல்விக்கு அது போதவில்லை. கையைக் கழுவினாள். மாடிக்கு ஏறினாள். நானும் இரண்டு படி பின்னால் போனேன். முதலாளி முன்னால் நின்று நேராகக் கேட்டாள்.

"மொதலாளி, அந்த நாற்காலி எனக்கா?"

அவர் மேசையில் இருந்த லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு இருந்திருக்காது, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டதுதான்.

"மாடி ஒழுகுதுல்லத்தா" என்றார். லேபிளைக் கீழே வைத்துவிட்டு, "ஜன்னல் பக்கம் வெயிலடிக்கும். பாய்கிட்டச் சொல்லி ஒரு திரை போட்டுக்கோ" என்றார்.

இறங்கி வந்தோம். குத்தூஸ் பாய் படியடியில் காத்திருந்தார்.

"என்னம்மா சொன்னாரு? ஆமாங்காரா, இல்லங்காரா?"

"மாடி ஒழுகுதாம் பாய்."

"அப்ப?"

"அப்ப எனக்குத்தான்."

பசை படாமல் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.